வலை முகவரியின் வினவற்பகுதியில் தமிழ்ச்சொல்: அனுப்புதலும் காட்டுதலும்

1. முன்னுரை

அகராதிகளையும் மொழித்தரவகங்களையும் இணையத்தின்வழிப் பயன்படுத்துதல் மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் இன்று அன்றாடப் பணியாகிவிட்டது. அகராதிப் பக்கத்தின் தேடற்கட்டத்தில் ஒரு சொல்லை இட்டுப் பொத்தானை அழுத்தியவுடன், அச்சொல் பெரும்பாலும் வலை முகவரியின் ஒரு பகுதியாக மாறுகிறது. விடையைத் தரும் பக்கமும் அம்முகவரியிலிருந்தே சொல்லைப் படித்தறிகிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைச் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகம் இணையத்தில் வழங்குவதும் இம்முறையிலேயே ஆகும்.

இவ்வாறு அமைந்த முகவரியைப் படியெடுத்து ஆய்வேட்டில் இட்டால் அது மேற்கோளின் நிலையைப் பெறுகிறது. பிறர் அதனைத் திறக்கும்போது, எழுதியவர் தேடிய அதே சொல் மீளத் தோன்றுதல் வேண்டும். தோன்றாவிடின் மேற்கோள் பிழைபடும். பிழைபட்டமை படிப்பவருக்குத் தெரியாமற் போவதும் உண்டு. ஆதலின், பக்கத்தின் தலைப்பில் 'தேடிய சொல்' எனக் காட்டப்படும் ஒரு வரி சிறிய செய்தியன்று. அச்சகத்தில் மெய்ப்புப் படி ஆற்றும் பணியை அது ஆற்றுகிறது. கணிப்பொறிக்குக் கிடைத்த சொல் யாது என்பதை அவ்வரி ஒன்றே படிப்பவருக்கு அறிவிக்கிறது.

முகவரியின்வழி வந்த சொல்லை ஜாவாஸ்கிரிப்ட் நிரலால் வலைப்பக்கத்தில் காட்டும் முறையையும், அதில் தமிழுக்கும் மொழியியற் குறியீடுகளுக்கும் நேரும் இடர்களையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். பெங்களூருவின் நகரத் தொடர்வண்டி நிலையத்தை அடுத்துள்ள ஒக்கலிபுரம் என்னும் பகுதியின் பெயர் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. தமிழும் கன்னடமும் அருகருகே வழங்கும் நகரத்தில், இரு மொழிகளிலும் வேறுபட்ட எழுத்து வடிவம் பெற்ற பெயர் அது என்பதே அதனைத் தேர்ந்ததற்குக் காரணம்.

2. வினவற்பகுதியின் அமைப்பு

வலை முகவரியில் வினாக்குறிக்குப் பின் வரும் பகுதி வினவற்பகுதி எனப்படும். அது பெயரும் மதிப்பும் கொண்ட இணைகளால் ஆனது. ஓர் இணையை அளவுரு என்பர். பின்வருவது இரண்டு அளவுருக்களைக் கொண்ட ஒரு வினவற்பகுதி:

?இடம்=ஒக்கலிபுரம்&மொழி=தமிழ்

இதில் 'இடம்', 'மொழி' என்பன பெயர்கள். 'ஒக்கலிபுரம்', 'தமிழ்' என்பன அவற்றின் மதிப்புகள். சமக்குறி பெயரையும் மதிப்பையும் பிரிக்கிறது; உம்மைக்குறி (&) ஓர் இணையை அடுத்த இணையிலிருந்து பிரிக்கிறது. இப்பகுதியை அடுத்து எண்குறி (#) வருமாயின், வினவற்பகுதி அக்குறிக்கு முன்னரே முடிந்துவிடும்.

வலை முகவரிக்கான இலக்கணம் டிம் பெர்னர்ஸ்-லீ முதலியோரால் 1994 டிசம்பரில் ஆவணமாக வெளியிடப்பட்டது. பின்னர் 2005 சனவரியில் வெளிவந்த திருத்திய ஆவணம் அதனை விரிவுபடுத்தியது. இவ்விரண்டின்படியும் முகவரியில் நேராக இடம்பெறத்தக்கவை ஆங்கில எழுத்துகளும் எண்களும் சில நிறுத்தக்குறிகளுமே ஆகும். தமிழெழுத்து ஒன்றேனும் அப்பட்டியலில் இல்லை. எனவே மேலே காட்டிய வினவற்பகுதி உலாவியின் முகவரிப் பட்டையில் தமிழாகவே தோன்றினாலும், அனுப்பப்படும்போது வேறு வடிவம் கொள்கிறது. அவ்வடிவ மாற்றமே விழுக்காட்டுக் குறியாக்கம் எனப்படுவது.

3. ஏழெழுத்து தொண்ணூற்றொன்பது குறியாதல்

'ஒக்கலிபுரம்' என்னும் சொல்லில் தமிழ் இலக்கண மரபுப்படி ஏழு எழுத்துகள் உள்ளன: ஒ, க், க, லி, பு, ர, ம். ஒருங்குறி முறையில் மெய்க்குப் புள்ளி தனியாகவும் உயிர்மெய்க்கு உயிர்க்குறி தனியாகவும் எண்ணப்படுகின்றன. அகரமேறிய மெய் மட்டும் ஒரே எண் பெறுகிறது. ஆகவே 'க்' என்பது இரண்டு குறியெண்கள்; 'லி', 'பு', 'ம்' என்பனவும் அவ்வாறே. இவ்வகையில் ஏழெழுத்துச் சொல் பதினொரு குறியெண்களாகிறது.

அடுத்து ஒவ்வொரு குறியெண்ணும் பைட்டுகளாக மாற்றப்படுகிறது. இதற்கு இன்று வழங்கும் முறை, கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் 1992-இல் வடிவமைத்த யூடிஎஃப்-8 ஆகும். அதன்படி ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டும் தமிழ்க் குறியெண்ணுக்கு மூன்று பைட்டும் வேண்டும். ஒகரத்தின் குறியெண் 2962; அதன் பைட்டுகள் 224, 174, 146. ககரத்தின் குறியெண் 2965. பைட்டுகள் 224, 174, 149. புள்ளியின் குறியெண் 3021. பைட்டுகள் 224, 175, 141. பதினொரு குறியெண்களும் முப்பத்துமூன்று பைட்டுகளாகின்றன.

இறுதியாக ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக்குறி ஒன்றாலும் பதினாறடி எண்முறையின் இரண்டு இலக்கங்களாலும் எழுதப்படுகிறது. பதினாறடி முறையில் பத்து முதல் பதினைந்து வரையிலான இலக்கங்களுக்கு 'ஏ' முதல் 'எஃப்' வரையிலான ஆங்கில எழுத்துகள் ஆளப்படும். அவற்றின் பெயரைத் தமிழில் எழுதிக்காட்டின், ஒகரம் %ஈ0%ஏஈ%92 என்றாகும். ஒரு பைட்டுக்கு மூன்று குறி என்னும் கணக்கில் 'ஒக்கலிபுரம்' என்னும் சொல் 99 குறிகளாக நீள்கிறது.

இந்நீட்சி ஒரு நடைமுறை இடருக்குக் காரணமாகிறது. மின்னஞ்சலிலோ அச்சுப் பக்கத்திலோ முகவரி இடையில் முறிவதுண்டு. ஒரு குறியெண்ணின் நடுவில் முறிவு ஏற்பட்டால் சிதைந்த பைட்டுகளைக் கொண்டு பிழையைக் கண்டுகொள்ளலாம். ஒவ்வொரு குறியெண்ணும் ஒன்பது குறி பெறுவதால், ஒன்பதின் மடங்கில் முறிவு நேர்ந்தால் பிழை புலப்படுவதில்லை. 99 குறிகளுள் முதல் 54 மட்டும் சென்று சேருமாயின் கிடைப்பது 'ஒக்கலி' என்னும் முழுமையான எழுத்துத்தொடர். கணிப்பொறிக்கு அதில் எக்குறையும் தெரியாது. அதனைத் தேடிப் பார்த்து 'இச்சொல் இல்லை' என விடை கூறும். தேடிய சொல்லை அப்பக்கம் காட்டினால் மட்டுமே முறிந்தது முகவரி என்றும், இல்லாதது சொல்லன்று என்றும் படிப்பவர் அறிவார்.

4. குறியாக்கத்தைக் கண்ணால் அறிதல்

குறியாக்கம் பெற்ற முகவரி முதற்பார்வைக்குப் புரியாத குறிக்குவியலாகத் தோன்றினும், அதில் ஒழுங்கு உண்டு. தமிழுக்கு ஒருங்குறியில் ஒதுக்கப்பட்ட இடம் 2944 முதல் 3071 வரை. இவ்விடத்தின் எல்லாக் குறியெண்களும் 224 என்னும் பைட்டில் தொடங்கி, இரண்டாம் பைட்டாக 174 அல்லது 175-ஐக் கொள்கின்றன. எனவே %ஈ0%ஏஈ, %ஈ0%ஏஎஃப் ஆகிய தொடர்கள் மாறிமாறி வரும் முகவரி தமிழ்ச்சொல்லைத் தாங்கியது எனத் துணியலாம். கன்னடத்தின் இடம் 3200 முதல் 3327 வரை. அதன் இரண்டாம் பைட்டு 178 அல்லது 179. முகவரியில் %ஈ0%பி2, %ஈ0%பி3 எனத் தோன்றும். பல மொழி முகவரிகளைக் கையாளும் மொழிபெயர்ப்பாளருக்கு இவ்வேறுபாடு பயன்படும்.

ஆயினும், எந்தக் குறியாக்க முறையில் பைட்டுகள் அமைந்தன என்பதைக் கூறும் குறிப்பு முகவரியில் எங்கும் இல்லை என்பது கருதத்தக்கது. 1990-களில் தமிழ்ப் பக்கங்கள் பல்வேறு எட்டு-பிட்டு எழுத்துருக் குறியாக்கங்களில் அமைந்தன. தமிழ்நாட்டில் 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டின் தொடர்பில் டேம், டேப் ஆகிய முறைகள் வரையறுக்கப்பட்டன. டிஸ்கி முறையும் உடன் வழங்கியது. அத்தகைய பக்கங்களின் படிவங்கள் அந்தந்தக் குறியாக்கத்தின் பைட்டுகளையே முகவரியில் ஏற்றின. அவற்றை இன்றைய உலாவி யூடிஎஃப்-8 எனக் கொண்டு படித்தால் சொல் மீளாது. மாறாக, யூடிஎஃப்-8 பைட்டுகளை மேலை ஐரோப்பியக் குறியாக்கமாகப் படித்தால், ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் சாய்கோடேறிய இலத்தீன் எழுத்தொன்றில் தொடங்கும் மும்மூன்று குறிகளாகச் சிதறும்.

5. ஜாவாஸ்கிரிப்டில் படித்தல்

பிரெண்டன் ஐக் 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் முதலில் இருந்தவை 'எஸ்கேப்', 'அன்எஸ்கேப்' என்னும் இரு செயற்கூறுகள் ஆகும். தமிழெழுத்தை 'எஸ்கேப்' செயற்கூறு யூடிஎஃப்-8 பைட்டுகளாக மாற்றுவதில்லை. விழுக்காட்டுக்குறியை அடுத்து 'யூ' என்னும் ஆங்கில எழுத்தையும் நான்கு இலக்கங்களையும் இட்டு எழுதும். முகவரி இலக்கணத்தில் இதற்கு இடமில்லை. 1999 டிசம்பரில் வெளிவந்த மூன்றாம் பதிப்புத் தரநிலை 'என்கோட் யூஆர்ஐ காம்பொனென்ட்', 'டிகோட் யூஆர்ஐ காம்பொனென்ட்' ஆகிய செயற்கூறுகளைச் சேர்த்து இக்குறையைப் போக்கியது. பின்னர் உலாவிகளில் 'யூஆர்எல் சர்ச் பாரம்ஸ்' என்னும் பொருள்வகை இடம்பெற்றது. வினவற்பகுதியை இணைகளாகப் பிரித்தலும் குறிவிலக்குதலும் இதனால் ஒரே செயலாயின.

இன்று இப்பணி பின்வரும் நிலைகளில் நிகழ்கிறது.

(அ) உலாவியின் 'லொகேஷன்' பொருளில் உள்ள 'சர்ச்' என்னும் பண்பிலிருந்து வினவற்பகுதி பெறப்படுகிறது. இது குறியாக்க வடிவிலேயே இருக்கும். இதனை நேராகக் காட்டினால் 'ஒக்கலிபுரம்' என்பதற்கு மாறாக 99 குறிகளே பக்கத்தில் தோன்றும்.

(ஆ) அவ்வினவற்பகுதியைக் கொண்டு யூஆர்எல் சர்ச் பாரம்ஸ் பொருள் ஒன்று ஆக்கப்படுகிறது. இந்நிலையிலேயே குறிவிலக்கம் முடிந்துவிடுகிறது.

(இ) 'கெட்' என்னும் செயலுக்கு 'இடம்' என்னும் பெயரைத் தந்தால் 'ஒக்கலிபுரம்' என்னும் மதிப்பு கிடைக்கும். ஒரே பெயர் பலமுறை வருமாயின், 'மொழி=தமிழ்&மொழி=கன்னடம்' என்பதிற்போல, 'கெட்' முதல் மதிப்பை மட்டும் தரும். அனைத்தையும் பெற 'கெட் ஆல்' வேண்டும்.

(ஈ) அளவுரு இல்லாவிடில் இன்மை மதிப்பு கிடைக்கும். பெயர் இருந்து மதிப்பு இல்லாவிடில் வெற்றுச் சரம் கிடைக்கும். முன்னது 'சொல் கேட்கப்படவில்லை' என்பதையும், பின்னது 'கேட்டவர் ஒன்றும் எழுதவில்லை' என்பதையும் உணர்த்துவதால், இரண்டிற்கும் தனித்தனி அறிவிப்புத் தேவை.

இவற்றுள் இரண்டாம் நிலை தொடர்பான பிழையொன்று பரவலாகக் காணப்படுகிறது. ஏற்கெனவே குறிவிலக்கிய மதிப்பை மீண்டும் ஒருமுறை குறிவிலக்குதலே அது. '100%' என்பதைத் தேடினால் முகவரியில் '100%25' எனச் செல்லும். முதற் குறிவிலக்கத்தில் '100%' மீளும். அதனை மீண்டும் டிகோட் யூஆர்ஐ காம்பொனென்டுக்குத் தந்தால், விழுக்காட்டுக்குறிக்குப் பின் இலக்கம் இல்லாமையால் நிரல் பிழைகாட்டி நின்றுவிடும். தமிழ்ச்சொற்களை மட்டும் இட்டுச் சோதிப்பவருக்கு இப்பிழை புலப்படாது. குறிவிலக்கிய தமிழ்ச்சொல்லில் விழுக்காட்டுக்குறி இராமையின் இரண்டாம் முறை அது மாறுவதில்லை. இதற்கு மறுதலையாக, அனுப்பும்போது இருமுறை குறியாக்கினால் ஒவ்வொரு விழுக்காட்டுக்குறியும் %25 ஆகி, 99 குறிகள் 165 ஆகும். ஒருமுறை குறிவிலக்கிய பின்னும் பக்கத்தில் குறிக்குவியலே தோன்றும். அதனைச் சரிசெய்ய வேண்டிய இடம் அனுப்பும் பக்கமே, காட்டும் பக்கமன்று.

6. மொழியியற் குறிகளும் முகவரிக் குறிகளும்

மொழியியலார் ஆளும் குறிகள் சில வலை முகவரியின் இலக்கணத்திலும் இடம்பெற்று, வேறு பொருள் தருகின்றன. ஆகவே பொதுப் பயனாளரைவிட மொழியியலாரே இவ்விடர்களை மிகுதியும் எதிர்கொள்வர் எனலாம்.

கூட்டற்குறி (+) மொழியியலில் உருபன் எல்லையைக் காட்டுவது. 'ஒக்கலிபுரம்+இல்' என எழுதினால் பெயரும் வேற்றுமையுருபும் பிரிவது விளங்கும். வினவற்பகுதியிலோ கூட்டற்குறி படிவங்களின் மரபுப்படி இடைவெளியைக் குறிக்கிறது. எனவே இத்தொடரை அவ்வாறே முகவரியில் இட்டால், யூஆர்எல் சர்ச் பாரம்ஸ் 'ஒக்கலிபுரம் இல்' எனத் தரும். உருபன் எல்லை சொல் எல்லையாக மாறிவிடுகிறது. டிகோட் யூஆர்ஐ காம்பொனென்ட் கூட்டற்குறியை மாற்றுவதில்லை. ஒரே முகவரியை இரு வழிகளில் படிக்கும் இரு பக்கங்கள் இரு வேறு சொற்களைக் காட்டும் என்பது இதனால் பெறப்படும்.

எண்குறி (#) ஒலியனியல் விதிகளில் சொல்லின் எல்லையைக் குறிக்கிறது. முகவரியில் அது வினவற்பகுதியின் முடிவைக் குறிக்கிறது. 'ம்#' என்னும் சூழலைத் தேட விரும்பி முகவரியைக் கையால் அமைத்தால் 'ம்' மட்டுமே அளவுருவாகும். எண்குறியும் அதன் பின் வருவனவும் வழங்கிக்கு அனுப்பப்படுவதே இல்லை. உம்மைக்குறி இணைகளைப் பிரிப்பதால், மதிப்புக்குள் அது வந்தால் மதிப்பு இரண்டாக உடையும்.

படிவத்தின் கட்டத்தில் எழுதி அனுப்பும்போது உலாவியே இக்குறிகளைக் குறியாக்கிவிடும். மொழிபெயர்ப்பாளரோ நிரலரோ முகவரியைத் தாமே கோத்து அமைக்கும்போதுதான் பிழை நேர்கிறது. அவ்விடங்களில் ஒவ்வொரு மதிப்பையும் என்கோட் யூஆர்ஐ காம்பொனென்ட் வழியாகச் செலுத்துதல் வேண்டும். அது கூட்டற்குறியை %2பி எனவும், எண்குறியை %23 எனவும், உம்மைக்குறியை %26 எனவும் மாற்றும். பெயரளவில் ஒத்த 'என்கோட் யூஆர்ஐ' இம்மூன்றையும் மாற்றாது விட்டுவிடும். முழு முகவரிக்கு உரியது அது. தனி மதிப்புக்கு உரியதன்று.

7. காட்டுதல்: எழுத்தாகவா, கட்டளையாகவா?

குறிவிலக்கிய சொல்லைப் பக்கத்தில் இடுவதற்கு ஜாவாஸ்கிரிப்டில் இரு வழிகள் பெரிதும் ஆளப்படுகின்றன. 'டெக்ஸ்ட் கண்டென்ட்' என்னும் பண்பில் இட்டால் சரம் முழுவதும் எழுத்தாகவே கொள்ளப்படும். 'இன்னர் எச்டிஎம்எல்' என்னும் பண்பில் இட்டால் உலாவி அதனைப் பக்க அமைப்பு மொழியாகக் கருதி, அதிலுள்ள குறிச்சொற்களைச் செயற்படுத்தும்.

இவ்வேறுபாட்டை விளக்க மொழியியற் குறியொன்றே போதும். ஒலியனைச் சாய்கோடுகளுக்குள்ளும் எழுத்தனைக் கோண அடைப்புகளுக்குள்ளும் எழுதுதல் மரபு. <க> எனத் தமிழெழுத்தை அடைப்பிலிட்டு இன்னர் எச்டிஎம்எல் வழியாகக் காட்டினால் அது அவ்வாறே தோன்றும். இடக் கோண அடைப்பை அடுத்து ஆங்கில எழுத்து வந்தால் மட்டுமே உலாவி அதனைக் குறிச்சொல்லின் தொடக்கமாகக் கொள்ளும் என்பதே காரணம். ஆனால் அதே ககரத்தை இலத்தீன் எழுத்துப்பெயர்ப்பில் அடைப்பிலிட்டால், உலாவி அதனை அறியப்படாத குறிச்சொல்லாகக் கருதும். திரையில் ஒன்றும் தோன்றாது. ஆகத் தமிழ்ச் சான்றுகளால் மட்டும் சோதிக்கப்பட்ட பக்கம், எழுத்துப்பெயர்ப்பைத் தேடும் முதல் ஆய்வாளரிடம் பொய்த்துப்போகும்.

எழுத்து மறைதலோடு இக்குறை நிற்பதில்லை. முகவரியை யாரும் எழுதலாம். எழுதியதைப் பிறருக்கு அனுப்பலாம். ஒரு படக் குறிச்சொல்லையும், படம் கிடைக்காதபோது இயங்கவேண்டிய கட்டளையையும் அளவுருவின் மதிப்பாக இட்டு ஒருவர் முகவரியை அமைத்தால், அதனைத் திறப்பவரின் உலாவியில் அக்கட்டளை அகராதிப் பக்கத்தின் உரிமையோடு இயங்கும். இவ்வகைத் தாக்குதலைக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினிப் பாதுகாப்பு மையம் 2000 பிப்ரவரியில் எச்சரிக்கை அறிக்கையாக வெளியிட்டது. அளவுருவை டெக்ஸ்ட் கண்டென்ட் வழியாக மட்டும் இடும் பக்கத்தில், அவ்விடத்தின் வழியாக இத்தாக்குதல் நிகழ வாய்ப்பில்லை. பாதுகாப்பும் எழுத்தின் மெய்ம்மையும் இங்கு ஒரே விதியால் காக்கப்படுகின்றன.

சொல்லைத் தாங்கும் உறுப்புக்கு மொழிப்பண்பும் தருதல் நன்று. தமிழ்ச்சொல் எனக் குறிக்கப்பட்டால் திரைபடிப்பான் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்க இயலும். ஒரே பக்கத்தில் தமிழும் கன்னடமும் காட்டப்படும் பெங்களூருச் சூழலில் இதன் தேவை மிகுதி.

8. ஒருவடிவமாக்கலும் அதன் எல்லையும்

பெற்ற சொல்லும் தரவகத்திலுள்ள சொல்லும் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றியும் கணிப்பொறிக்கு வேறாக இருப்பதுண்டு. ஒருங்குறியில் ஓகார உயிர்க்குறிக்குத் தனிக் குறியெண் 3019 உள்ளது. ஏகாரக் குறியையும் (3015) ஆகாரக் குறியையும் (3006) அடுத்தடுத்து இட்டாலும் அதே வடிவம் தோன்றும். பெங்களூருவின் 'கோரமங்களா' என்னும் பெயர் முதல் வகையில் 9 குறியெண்கள், முகவரியில் 81 குறிகள். இரண்டாம் வகையில் 10 குறியெண்கள், 90 குறிகள். இரண்டையும் ஒருங்குறித் தரநிலை நிகரானவை எனக் கொள்கிறது. ஆயினும் ஜாவாஸ்கிரிப்டின் சமன்பாட்டுச் சோதனை அவற்றை வேறெனவே கூறும். 2015-இல் வெளிவந்த ஆறாம் பதிப்புத் தரநிலையில் சேர்க்கப்பட்ட 'நார்மலைஸ்' என்னும் செயல் இரண்டையும் ஒருவடிவமாக்கும். ஒப்பிடுவதற்கு முன் இதனைச் செய்தல் இன்றியமையாதது. ஔகாரத்துக்கு மாற்றாக ஒகரத்தையும் ளகரத்தையும் இட்டு எழுதுவது இதனால் சரியாகாது. தோற்றத்தில் நெருங்கினும் அவை நிகரானவை அல்ல.

எழுத்துகளை எண்ணும்போதும் இவ்வேறுபாடு எழும். 'ஒக்கலிபுரம்' என்னும் சரத்தின் நீளத்தைக் கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் 11 என விடை தரும். 'செக்மென்டர்' என்னும் எழுத்துப் பிரிப்பான் 7 எனத் தரும். இலக்கண மரபின் எண்ணிக்கையோடு பொருந்துவது பின்னதே. யாப்பாய்வுக்கோ எழுத்தளவுப் புள்ளிவிவரத்துக்கோ சரநீளத்தைப் பயன்படுத்துதல் ஆகாது.

ஒருவடிவமாக்கல் குறியெண் அளவில் நிற்பது. எழுத்துக்கூட்டலைத் தீர்மானிப்பது அதன் பணியன்று. கன்னட வழக்கில் ஒக்கலிபுரம் என்னும் பெயர் ஓகாரமும் ஒற்றைக் ககரமும் ளகரமும் கொண்டு எழுதப்படுகிறது. உயிர்களுக்கிடையே தனித்து வரும் ககரம் தமிழில் ஒலிப்புடையதாகவோ உரசொலியாகவோ ஒலிப்பதால், கன்னடத்தின் ஒலிப்பிலா ஒலியைக் காக்கத் தமிழ் வடிவம் ககரத்தை இரட்டித்துக்கொண்டது எனலாம்.

இந்திய எழுத்துமுறைகள் ஒருங்குறியில் இஸ்கி முறையை ஒட்டி ஒரே வரிசையில் அமைந்தவை. தமிழ்க் ககரத்தின் எண் 2965, கன்னடக் ககரத்தின் எண் 3221; வேறுபாடு 256. கன்னடப் பெயரின் ஒவ்வொரு குறியெண்ணிலிருந்தும் 256-ஐக் கழித்தால் கிடைப்பது 'ஓகளிபுர' என்பதும், அதனை அடுத்துத் தமிழ் வழக்கில் ஆளப்படாத அனுசுவாரக் குறியும் ஆகும். தமிழர் எழுதும் 'ஒக்கலிபுரம்' அவ்வழியில் கிடைக்காது. நகரத்தின் பெயரும் இதற்குச் சான்று. 2014 நவம்பர் 1 முதல் 'பெங்களூரு' என்னும் வடிவம் அரசு ஏற்பு பெற்றது. அதற்கு முன் அமைந்த தமிழ் முகவரிகளில் 'பெங்களூர்' என்னும் வடிவமே மிகுதி. இவ்வடிவங்களை இணைப்பது அகராதித் தொகுப்பாளரின் பணி. பக்கம் தானே ஒன்றை மற்றொன்றாகத் திருத்திக் காட்டுமாயின், பயனாளர் எழுதியது யாது என்னும் சான்று அழிந்துவிடும். பெற்ற வடிவத்தை அவ்வாறே காட்டி, இணைவடிவத்தைத் தனியே பரிந்துரைப்பதே முறையாகும்.

9. தொகுப்புரை

வினவல் அளவுருவை வலைப்பக்கத்தில் காட்டுதல் சில வரிகளில் எழுதி முடிக்கத்தக்க நிரற்பணியே. ஆயினும் ஒரு தமிழ்ச்சொல் எழுத்திலிருந்து குறியெண்ணாகவும், குறியெண்ணிலிருந்து பைட்டாகவும், பைட்டிலிருந்து விழுக்காட்டுக் குறிகளாகவும் மாறி, அதே வழியில் மீள்வதைப் பொறுத்தே அது நிறைவேறுகிறது. இவ்வாய்வால் பெறப்படும் விதிகள் ஐந்து: அனுப்பும்போது ஒவ்வொரு மதிப்பையும் ஒருமுறை குறியாக்குதல், பெறும்போது ஒருமுறை மட்டும் குறிவிலக்குதல், ஒப்பிடுவதற்கு முன் குறியெண்களை ஒருவடிவமாக்குதல், எழுத்துக்கூட்டலை மாற்றாதிருத்தல், பக்கத்தில் எழுத்தாக மட்டுமே இடுதல்.

அகராதி, தரவகம் ஆகியவற்றின் பக்கங்களை அமைப்போர் தம் சோதனைச் சொற்களுள் கூட்டற்குறி, எண்குறி, விழுக்காட்டுக்குறி, இலத்தீன் எழுத்தடங்கிய கோண அடைப்பு ஆகியவற்றைக் கொண்ட சான்றுகளையும் ஓகார உயிர்மெய்யின் இரு வகைகளையும் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும். மேற்கோளாக முகவரியைத் தரும் ஆய்வாளர், குறியாக்கம் பெற்ற முகவரியோடு தேடிய சொல்லையும் தமிழெழுத்திலேயே உடன் எழுதுதல் நலம். முகவரி முறிந்தாலும் தளம் மறைந்தாலும் எந்தச் சொல் சுட்டப்பட்டது என்பது அப்போது படிப்பவருக்குத் தெரிந்திருக்கும்.